மூணாவது மாடிக்கு ஒரு நாய்

— இதைத்தான் இத்தனை நாளா தேடினீங்களா?

— முதல்ல கதவைச் சாத்து. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பாக்கிறார்.

— பாக்கட்டும். பொண்ணுக்கு நாய்க்குட்டி வாங்கிட்டு வரேன்னு காலையில போன மனுஷன், கன்னுக்குட்டி சைஸுக்கு ஒண்ணைப் புடிச்சுட்டு வந்து நின்னா யாருதான் எட்டிப் பாக்க மாட்டாங்க?

— குட்டின்னா செருப்பைக் கடிக்கும், சோபாவைக் கிழிக்கும். இது நாலு வயசுக்கு மேல ஆன, வளந்த நாய். பழக்கின நாய். நம்ம பாப்பாவுக்குன்னே செஞ்ச மாதிரி நாய்.

— பாப்பா நீச்சல் கிளாஸ்லேருந்து வர்றதுக்குள்ள எனக்கு பதில் தெரியணும். எங்கேருந்து புடிச்சீங்க?

— தெரிஞ்சவர் ஒருத்தர் குடுத்தார்.

— எந்தத் தெரிஞ்சவர்?

— லிஃப்ட் ரிப்பேருக்குப் போவேன்ல, அந்த ஆபீஸ் மேனேஜர்.

— வழியில ஃபோன் பண்ணினப்ப, பண்ணையில வாங்கினேன்னு சொன்னீங்க.

— பண்ணை வச்சிருக்கிற மேனேஜர்.

— ம். சரி, அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்? தண்ணி குடும்மா. மூணு மாடி ஏறி வந்திருக்கோம்.

— யாருக்கு, உங்களுக்கா அதுக்கா?

— ரெண்டு பேருக்கும்தான்.

— குடிங்க. குடிச்சுக்கிட்டே சொல்லுங்க. நாம என்ன பேசி வச்சிருந்தோம்? மூக்கு சப்பையா இருக்கிற பக் வேணாம், மூச்சு முட்டும், வெயில் தாங்காதுன்னு பேசினோமா?

— பேசினோம்.

— குட்டைக்கால் டாஷண்ட் மேல நீங்க ஆசைப்பட்டீங்க. அதுக்கு முதுகெலும்பு வீக்கு, தினமும் மூணு மாடி ஏறி இறங்கினா தாங்காதுன்னு நான் சொன்னேன். ஊர் பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் வீட்டுல லிஃப்ட் இல்லை பாருன்னு சிரிச்சீங்க.

— சிரிச்சேன்.

— எந்த ஜாதி நாயா இருந்தாலும் அம்மா நாயை நேர்ல பாக்காம வாங்கக் கூடாது. பெரிய நாய்னா அப்பா அம்மா ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்காங்களான்னு கேக்கணும். பேசினோமா இல்லையா?

— அட, அதெல்லாம் குட்டி வாங்கினா கேக்கிற கேள்விம்மா. இதுக்கே எட்டு வயசாகுது. இதோட அம்மாவை நான் எந்த லோகத்துல போயி பாக்கிறது?

— எட்டா? உள்ள வந்ததும் நாலுன்னீங்க.

— நாலுக்கு மேலன்னேன்.

— நல்லா சொன்னீங்க. சரி, இது ஜெர்மன் ஷெப்பர்ட். இந்த ஜாதி வேணவே வேணாம், இடுப்பு மூட்டு கிண்ணத்துல சரியா உக்காராது, அப்பன் ஆத்தாகிட்டேருந்து வர்ற கோளாறு, வயசாக ஆக எலும்பு தேஞ்சு நடக்க முடியாமப் போயிடும்னு எனக்குப் படிச்சுக் காட்டினது யாரு?

— நான்தான். ஆனா எல்லா ஷெப்பர்டுக்கும் அப்படி வராதும்மா.

— வராதுதான். இதுக்கு வந்திருக்கே! படியில ஏறுறப்ப பாத்தேன். ரெண்டு பின்னங்காலையும் சேத்து வச்சு முயல் மாதிரி குதிச்சுக் குதிச்சு ஏறுது. டைல்ஸ் மேல நின்னா வழுக்குது. அதுலயும் இடது காலு ரொம்ப மோசம், மழை நாள்ல கேக்கவே வேணாம்...

— இரு இரு. வெளியில வெயில் கொளுத்துது. மழை நாள்ல மோசம்னு உனக்கு எப்படித் தெரியும்?

— மூட்டு வலி யாருக்கு வந்தாலும் அப்படித்தான். நாள் பூரா மருந்துக் கடையில நிக்கிறவளுக்கு இது தெரியாதா? பேச்சை மாத்தாதீங்க.

— நான் எங்க மாத்தினேன்? தொரை, இங்க வா. இங்க உக்காரு.

— தொரையா? பேர் தெரியாது, பாப்பாவே வைக்கட்டும்னு ஃபோன்ல சொன்னீங்க.

— வாயில வந்த பேரைச் சொன்னேன்.

— உங்க வாயில வந்த பேருக்கு அது ஓடி வந்து உக்காருதே! பல நாள் பழக்கம் மாதிரி தெரியுது.

— உன்கிட்ட மட்டும் என்னவாம்? கதவைத் திறந்ததும் உன்னைப் பாத்து அந்த ஆட்டு ஆட்டுச்சு வாலை. அது சாமானியத்துல யாரையும் பக்கத்துல விடாது. உறுமும்.

— உறுமுற நாயைத்தான் புள்ளை இருக்கிற வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?

— ஐயோ, புள்ளைங்களை உறுமாதும்மா. தபால்காரரைத்தான் உறுமும்.

— எந்த வீட்டுத் தபால்காரரை?

— உன்கிட்ட வாயைக் குடுத்து மீள முடியுமா?

— மீள வேணாம். உண்மையைச் சொன்னா போதும். பாப்பா இதுமேல உயிரையே வச்சிடுவா. நாளைக்கே இது எந்திரிக்க முடியாமப் படுத்துக்கிச்சுன்னா அவளுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?

— எந்த நாயை எடுத்தாலும் அதுக்குன்னு ஒரு கோளாறு இருக்கும்மா. தெரியாம வாங்குறதுதான் தப்பு. தெரிஞ்சு கூட்டிட்டு வந்தா பாத்துக்கலாம். எடை ஏற விடக் கூடாது. தரையில ரப்பர் விரிப்பு போட்டா காலு வழுக்காது. துள்ள விடாம மெதுவா நடக்க வைக்கணும். வெறும் வயித்துல மட்டும் வலி மாத்திரை குடுக்கவே கூடாது.

— யாரு சொன்னா இதெல்லாம்?

— நெட்ல படிச்சேன்.

— நெட்லயா? அப்படியே வார்த்தைக்கு வார்த்தையா?

— ஏன், நெட்ல போட மாட்டாங்களா?

— போடுவாங்க போடுவாங்க. இங்க பாருங்க, நகம் அளவா வெட்டியிருக்கு. காது சுத்தமா இருக்கு. முடியில ஒரு சிக்கு கெடையாது. இப்படிக் கண்ணுக்குள்ள வச்சு வளத்தவர் சும்மா தூக்கிக் குடுக்க மாட்டார். இதை வளத்தவருக்கு என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகலை.

— உயிரோட இருக்காரா?

— என்ன பேச்சு பேசுற நீ!

— கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. இருக்காரா, இல்லையா?

— இருக்கார்மா, நல்லா இருக்கார். நீ ஏன் அழற?

— யாரு அழுதா? நாய் முடி கண்ணுல பட்டுடுச்சு.

— இப்படி உக்காரு. சொல்லிடுறேன். கத்தக் கூடாது.

— கத்தலை. சொல்லுங்க.

— மேனேஜரும் இல்லை, பண்ணையும் இல்லை. இது எங்கப்பா வளக்கிற நாய். கல்யாணம் பண்ணி உன்னைக் கூட்டிட்டுப் போனன்னிக்கு, உன்னை வாசல்ல நிக்க வச்சு கதவைச் சாத்தினாரே, அதே மனுஷன்தான். இனிமே அவர் மூஞ்சியில முழிச்சா நான் ஆம்பளையே இல்லைன்னு உன் முன்னாடி நின்னு வீறாப்பு பேசினேன்ல? பேசிட்டு, நானே போனேன்.

— எதுக்குப் போனீங்க?

— போன மழைக்காலத்துல அப்பா இருக்கிற தெருவுல ஒரு லிஃப்ட் வேலை. வீட்டைத் தாண்டிப் போறப்ப திரும்பிக்கூடப் பாக்கக் கூடாதுன்னுதான் நடந்தேன். வாசப்படி ஏற முடியாம இது படுத்திருந்துச்சு. தூக்கிப் பாத்துட்டு முடியாம, அவரும் மழையில நனைஞ்சுக்கிட்டு இதுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தார். பேசாம இதைத் தூக்கி உள்ள விட்டேன். அவரும் பேசலை. துண்டு எடுத்துக் குடுத்தார்.

— அப்புறம்?

— அப்புறம் போக ஆரம்பிச்சுட்டேன். உன்கிட்ட ஓவர்டைம்னு பொய் சொல்லிட்டு, சனிக்கிழமை தவறாம. உன்னை அவமானப்படுத்தின ஆளு வீட்டுல நான் உக்காந்து காப்பி குடிச்சேன்னு தெரிஞ்சா நீ ஒடிஞ்சு போயிடுவேன்னு பயந்தேன்மா.

— இன்னிக்கு மட்டும் எப்படி தைரியம் வந்துச்சு?

— நேத்து பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். அடி ஒண்ணும் பெருசா இல்லை. ஆனா எந்திரிக்க முடியலை. இது குரைச்சுக் குரைச்சு அக்கம்பக்கத்துல ஆளைக் கூப்பிட்டிருக்கு. இனிமே ரெண்டையும் அங்க தனியா விட எனக்கு மனசு வரலை. நாய் மட்டும் வரலைம்மா. அப்பா கீழ வண்டியில உக்காந்திருக்கார்.

— இந்த வெயில்லயா!

— நிழல்லதான் நிறுத்தியிருக்கேன். முதல்ல நாயைக் கூட்டிட்டுப் போ, மருமக அதை உள்ள விட்டா நானும் வரேன்னு புடிவாதம். நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், ரெண்டு பேரையும் திரும்பக் கொண்டுபோயி...

— நீங்க சனிக்கிழமைதான் போவீங்களா?

— ஆமா. திட்டுறதுன்னா திட்டு, வாங்கிக்கிறேன்.

— அதானே பாத்தேன்! 'சனிக்கிழமை மட்டும் வராதேம்மா, மத்தபடி எப்ப வேணா வா'ன்னு மாமா ஒவ்வொரு தடவையும் என்னை வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினது இதுக்குத்தானா!