வீங்கினவன் திருடன்

செங்கோட்டையன்: ...மூணு சுத்து ஆச்சா, புள்ள?

பழனாத்தாள்: ஆச்சுங்க. ஆனா அது பனைமரமுங்க.

செங்கோட்டையன்: பனையா... ஏம்புள்ள, மொதல்லயே சொல்லப்படாதா?

பழனாத்தாள்: ரெண்டு கண்ணும் வீங்கி மூடிக் கெடக்குது, புருசன் எதையோ ஆசையாச் சுத்தறாரேன்னு உட்டுட்டேன். கையக் குடுங்க. தான்றி மரம் இக்கட்டால இருக்குது.

செங்கோட்டையன்: சிரிக்காத. சேங்கொட்டை எண்ணெய் பட்டு வீங்கினா தான்றியச் சுத்தித்தான் கும்பிடோணும். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வடியலைன்னா நான் தொலஞ்சேன்.

பழனாத்தாள்: எல்லாம் நீங்க அடிச்ச தமுக்குதானுங்களே.

செங்கோட்டையன்: தமுக்குக்கு என்ன, புள்ள?

பழனாத்தாள்: பண்ணைக்காரர் மாந்தோப்புக்குக் காவல் நீங்க. வடக்கு மூலை மரத்துல தெனம் ரெண்டு காய் காணாமப் போகுதுன்னு அடிமரத்துல சேங்கொட்டை எண்ணெய் பூசினீங்க. ஏறினவன் வீங்குவான், வீங்கினவன் திருடன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் களத்துல வந்து மூஞ்சியக் காட்டோணும்னு முதலமடை ஊர் பூராச் சொன்னது ஆரு?

செங்கோட்டையன்: நல்ல யோசனைதான் அது.

பழனாத்தாள்: ரொம்ப நல்ல யோசனை. பக்கத்தூட்டு மருதாத்தாளுக்குப் பல்வலியில கன்னம் வீங்கிக் கெடக்குது. பாவம், குதிருக்குள்ள எறங்கி ஒளிஞ்சுக்கிட்டா. சின்னையனைத் தேனீ கொட்டிருச்சு, அவன் பொள்ளாச்சிக்கே போயிட்டான்.

செங்கோட்டையன்: அவங்களை உடு. மூஞ்சி முழுசா வீங்கினது நான் ஒருத்தன்தான். பதினோரு வருசக் காவல் போயிரும், புள்ள. காவல்காரனே திருடன்னு கையக் கட்டி இழுத்துட்டுப் போவாங்க. எனக்குப் பயமா இருக்குது.

பழனாத்தாள்: பூசறப்பப் பட்டுதுன்னு சொல்றதுதானே?

செங்கோட்டையன்: ஆமா... பூசறப்பத்தான்.

பழனாத்தாள்: பூசினது திங்கக்கிழமை. கையில துணி சுத்தி, நீளக் குச்சியில பூசினீங்க.

செங்கோட்டையன்: அது... மெதுவா வரும். ஆசுபத்திரிக்குப் போனியே, மருந்து எங்க?

பழனாத்தாள்: கம்பவுண்டர் களிம்பு குடுத்தாருங்க. கூட ஒண்ணு சொன்னாரு. சேங்கொட்டை உங்களை ஒண்ணும் பண்ணலையாம். வீங்க வெச்சது உங்க ஒடம்புதானாம்.

செங்கோட்டையன்: முப்பத்தஞ்சு வருசமாச் சோறு போட்டு வளத்த ஒடம்பு என்னையே அடிக்குதா?

பழனாத்தாள்: உள்ளார ஒரு காவல் இருக்குதாம், நோயை அடிச்சு வெரட்ட. புதுசா ஒண்ணு வந்தா மொத தடவை அடையாளம் மட்டும் பாத்து வெச்சுக்குமாம். அடுத்த தடவை அடிதானாம்.

செங்கோட்டையன்: அதுதானா... போன வருசம் தொட்டப்ப ஒண்ணுமே ஆகலை.

பழனாத்தாள்: சில பேரு ஒடம்புல அந்தக் காவலுக்கு ஆளு தெரியாதாம். சும்மா விருந்துக்கு வந்த ஒறம்பரையத் திருடன்னு நெனச்சு, அடிக்கிற அடியில ஊட்டையும் சேத்து நொறுக்கிருமாம்.

செங்கோட்டையன்: அதென்ன கூறுகெட்ட காவலு?

பழனாத்தாள்: போன பங்குனியில பண்ணைக்காரர் மாப்பிள்ளை தோப்புக்குள்ள ஒண்ணுக்குப் போனாரு...

செங்கோட்டையன்: அதை எடுக்காத.

பழனாத்தாள்: பல்லு ரெண்டு போச்சுங்க அவருக்கு.

செங்கோட்டையன்: முண்டாசு கட்டியிருந்தாரு, புள்ள. அப்ப எவன் வந்தாலும் உட்டுரச் சொல்றியா?

பழனாத்தாள்: உட்டாலும் ஆகாதாம், சின்னப் புண்ணே சீழ் வெச்சு ஆளைக் கொன்னுருமாம். அடிக்கவும் தெரியோணும், உடவும் தெரியோணும். கடுகளவு கடுகளவாத் தின்னு பழகிட்டா, இது நம்ம ஆளுன்னு சில ஒடம்பு உட்டுருமாம்... மரம் வந்துருச்சுங்க, தொடுங்க. நடந்ததை ஒளிக்காமச் சொல்லிட்டுத்தான் சுத்தோணும். இல்லீனா பலிக்காது.

செங்கோட்டையன்: நீ கொஞ்சம் அக்கட்டால போ.

பழனாத்தாள்: கைய உட்டா மறுக்காப் பனைமரத்துக்குப் போயிருவீங்க. சொல்லுங்க.

செங்கோட்டையன்: ...தான்றியே, கேட்டுக்க. பூசறப்பப் படலை. முந்தாநாள் மத்தியானம் ஏணி வெச்சு நானே ஏறினேன்.

பழனாத்தாள்: நீங்களா?

செங்கோட்டையன்: மசக்கையில மாங்காய்க்கு ஆசைப்பட்டு இவ கேட்டா. பண்ணைக் காய்ல கை வெக்க மாட்டேன்னு கத்தினேன். அப்புறம் மனசு கேக்கலை. ரெண்டு காய் பறிச்சு மடியில கட்டினேன். பண்ணைக்காரர் கனைச்சாப்பல இருந்துச்சு, பயத்துல கெணத்துல போட்டுட்டேன். அந்தக் கையிலயே மூஞ்சி வேர்வையத் தொடச்சேன்...

பழனாத்தாள்: எனக்காகவா ஏறுனீங்க?

செங்கோட்டையன்: வேற ஆருக்கு? அழுவாத.

பழனாத்தாள்: என்னாலதானுங்களா இந்த வீக்கம்...

செங்கோட்டையன்: ஆனா ஒண்ணு புரியலை, புள்ள. அடிமரத்துலதான் பூசினேன். அதுல படாம இருக்கத்தான் ஏணியே வெச்சேன். மேல கொப்புல எப்படி எண்ணெய் வந்துச்சு?

பழனாத்தாள்: அதை உடுங்க, மொதல்ல மரத்தைச் சுத்துங்க.

செங்கோட்டையன்: திருடன் அடிமரத்தைக் கட்டிப் புடிச்சு ஏறி, அதே கையில கொப்பைப் புடிச்சிருக்கான். பூசினதுக்கு அப்புறமும் வந்திருக்கான். அவன் மட்டும் ஏன் வீங்கலை? என்ன ஒடம்பு அது?

பழனாத்தாள்: சின்ன வயசுல கரப்பான் புண்ணு வந்து, ஆறு மாசம் சேங்கொட்டை லேகியம் தின்ன ஒடம்புங்க. நீங்க கத்தின மறுநாள்ல இருந்து நான்தானுங்க ஏறறேன்... சாயங்காலம் களத்துல வந்து நானே ஒத்துக்கறேன், ஆனா வீங்காத மூஞ்சிய ஆருங்க நம்புவாங்க?