இறங்காமல் நிற்பது

கடலைப் பார்க்காமலேயே கப்பல் வேலைக்குப் படிக்கலாம், அதில் தவறொன்றும் இல்லை. எங்கள் கல்லூரி ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்கும் லாரிகள் நிற்கிற பொட்டலுக்கும் நடுவில் இருந்தது. மாடியில் ஏறிப் பார்த்தாலும் கம்பெனிக் கூரைகள்தான் தெரியும். ஆனாலும் பட்டறையில் ஒரு பழைய கப்பல் எஞ்சின் இருந்தது. கம்பத்தில் உயிர்காப்புப் படகு ஒன்று தொங்கியது. நீச்சல் குளம் இருந்தது. கப்பலில் கடைநிலை வேலைக்குச் சேரப்போகும் பையன்களுக்கு அது போதும். அவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்தவன் நான்.

நான் இந்தப் பக்கத்துக்காரன்தான். எங்கள் அப்பா நெல் போட்ட ஊரில் இப்போது பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். நான் மட்டும் சின்ன வயதில் கப்பல் ஏறி, தலை நரைத்த பிறகு திரும்பி வந்தேன். பாண்டுரங்கன் என்ற என் பெயரை ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். மற்றதை நடந்த வரிசையில் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. நடுவில் கேட்டாலும் எனக்குத் தடையில்லை.

தீயணைப்பதையும் படகு இறக்குவதையும் எந்தப் பையனுக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். மூடிய தொட்டிதான் கஷ்டம். கப்பலில் சில தொட்டிகள் மாதக்கணக்கில் மூடியே கிடக்கும். ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கிற காற்றின் சத்தைத் துரு எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, நாற்றமும் வராது. ஏணியில் இறங்கியவன் நாலு மூச்சுக்குள் விழுவான். அவனைத் தூக்கப் போகிறவன் அவன் மேலேயே விழுவான். அதனால்தான் விதி ஒன்று வைத்திருக்கிறார்கள். உள்ளே யார் விழுந்தாலும் இறங்காதே. ஆளைக் கூப்பிடு, பி.ஏ. செட்டைக் கொண்டுவா. முதுகில் காற்று உருளையும் முகத்தில் கவசமும் மாட்டிக்கொள்கிற கருவி அது. அதை மாட்டாமல் கால் வைக்காதே.

நான் வேலை பார்த்த சரக்குக் கப்பலில் அப்படி மூன்று பேர் போனார்கள். முதலில் ஒரு பிலிப்பைன்ஸ்காரன், அவனைத் தூக்கப் போய் இன்னொருவன், மூன்றாவதாக நம்பிராஜன். நம்பிராஜனும் நானும் ஒரே அறை. நாலாவதாகத் தொட்டி வாயில் நின்றவன் நான். நான் இறங்கவில்லை. நீ செய்ததுதான் சரி என்று கேப்டன் எல்லார் முன்னாலும் சொன்னார். ஊருக்கு வந்தபோது நம்பிராஜனின் அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "நீ இன்னாடா பண்ணிக்கினு இருந்த?" படிக்காத பெண்மணி, அவருக்கு விதி தெரியாது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கல்லூரியில் ஒவ்வொரு வகுப்புக்கும் இந்தப் பாடத்தை எடுத்தேன். படம் போட்டுக் காட்டினேன். பையன்கள் தலையாட்டுவார்கள், பரீட்சையில் சரியாக எழுதுவார்கள். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும், ஒருவனுக்கும் உள்ளே இறங்கவில்லை என்று.

இசக்கி அப்படி ஒரு வகுப்பில் வந்தவன். திருச்செந்தூர்ப் பக்கம். எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஒரு நாள் குளத்துப் பயிற்சியில் மணிகண்டபிரபு என்கிற பையன் காலில் சுளுக்குப் பிடித்து முங்கினான். மிதவையை எறிவதுதான் முறை. இசக்கி பூட்ஸோடு குதித்து அவனை இழுத்து வந்துவிட்டான். பையன்கள் கை தட்டினார்கள். நான் இசக்கியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"மிதவை கைக்கெட்டற தூரத்துல இருந்துச்சே. ஏன் எடுக்கல?"

"பாக்கல சார்."

"யோசிச்சிருந்தா பாத்திருப்ப."

"யோசிச்சா எறங்க முடியாதுல்லா சார்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அன்று எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இவன் கப்பலில் கால் வைத்த வருஷமே ஏதாவது ஒரு தொட்டியில் செத்துப்போவான். அதைத் தடுக்க என்னால் முடியாது, அது அவன் சுபாவம். அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் இறங்குவார்கள், ஏனென்றால் அவனை எல்லாருக்கும் பிடிக்கும். நடுக்கடலில் யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் நடக்கப்போவது, இங்கே நாற்பது பேர் பார்க்க நடந்தால் நாற்பது பேரும் பிழைப்பார்கள். நான் கோபத்தில் முடிவெடுக்கவில்லை. நிதானமாக யோசித்துத்தான் எடுத்தேன்.

பட்டறைக்குப் பின்னால் பயிற்சிக்கென்று ஒரு பழைய எண்ணெய்த் தொட்டியைப் பாதி புதைத்து வைத்திருந்தோம். ஆள் இறங்குகிற வாயும் உள்ளே ஏணியும் உண்டு. மூடியை எப்போதும் திறந்தே வைத்திருப்பேன். அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்ததும் அதை மூடிப் போல்ட் முடுக்கினேன். மழை விட்ட பிறகும் திறக்கவில்லை. அதற்கு முன்பே சாக்கில் வைக்கோல் அடைத்து, கப்பல்காரர்கள் வேலைக்குப் போடுகிற பாய்லர் சூட் மாட்டி, ஒரு பொம்மை ஆளை உள்ளே கிடத்தியிருந்தேன். பயிற்சி நாளன்று காலையில் மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காற்று பார்க்கிற கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். அது கத்திய கத்தலில் உடனே மேலே எடுத்துவிட்டேன். சோதிக்காமல் எதையும் செய்கிற பழக்கம் எனக்கில்லை.

பையன்களைப் பட்டறையில் உட்காரவைத்துவிட்டு, மணிகண்டபிரபுவை மட்டும் கயிறு எடுத்துவர ஸ்டோருக்கு அனுப்பினேன். ஸ்டோர் இருந்தது கேட் பக்கம், கொஞ்சம் தூரம். பிறகு பின்பக்கம் போய் மூடியைத் திறந்தேன். திரும்பி வந்து சத்தம் போட்டேன். மணிகண்டபிரபு தொட்டிக்குள் விழுந்துட்டான் என்று.

எல்லாரும் ஓடி வந்தார்கள். தொட்டி வாய் வரைக்கும் வந்து நின்றார்கள். அந்த மட்டில் என் பாடம் அவர்களுக்கு ஏறித்தான் இருந்தது. இசக்கி நிற்கவில்லை. நான் தடுப்பதுபோல் கையை நீட்டினேன். "சார், அவனுக்கு நான் பொறுப்பு சார்," என்று சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கினான். இரண்டு பேரும் ஒரே அறை.

கீழே போனதும் அவன் குரல் கேட்டது. "சார், இது சாக்குல்லா." அதிலும் சிரிப்பு இருந்தது. மூச்சு வாங்கி இன்னொரு தரம், "சாக்கு சார்," என்றான். அப்புறம் ஏணியில் பூட்ஸ் உராய்கிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

நான் பையன்களைப் பார்த்துச் சொன்னேன். "நல்லா பாத்துக்கோங்க. யாரும் எறங்கக் கூடாது. இப்ப உங்களுக்கு இன்னா தோணுதோ, அதான் உங்களக் கொல்லும்." அவர்கள் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் அந்தப் பயத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் படம் போட்டுக் காட்டியும் வராத பயம் அது.

அந்த நேரத்தில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மணிகண்டபிரபு வந்தான். ஒரு பையன் அவனைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டிப் பார்த்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே காலை வைத்தான். நான் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் கீழே உட்காரவைத்தேன்.

"வுடுங்க சார். எனக்காகத்தான எறங்கிக்கீறான்."

"பி.ஏ. செட் இல்லாம போகக் கூடாது."

"செட்டு லாக்கர்ல கீது சார். சாவி எங்க?"

"ஆபீஸ்ல," என்றேன். ஒரு பையன் ஓடினான். ஆபீஸ் முன்பக்கம். போய்த் தேடிவிட்டு, அங்கே இல்லை என்று மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகுதான் சட்டைப் பையில் கை விட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

மறந்துபோய் வைத்திருந்ததாக அப்போது நடந்த விசாரணையில் சொன்னேன். நம்பினார்கள். அது மறதி இல்லை. காலையில் நான்தான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். பையன் மயங்கி விழட்டும், தூக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. ஆனால் மயங்கிப் பிழைத்த பையன் ராத்திரி மெஸ்ஸில் உட்கார்ந்து அதைக் கதையாகச் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். பாடம் அதோடு போய்விடும். இசக்கி அப்படிச் சொல்லக்கூடிய பையன்தான். அதனால் காத்திருந்தேன்.

அவனை மேலே கொண்டுவந்தபோது செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மாணவன் விதியை மீறி இறங்கினான், ஆசிரியர் மற்றவர்களைத் தடுத்து நிறுத்தியதால் பெரிய சேதம் தவிர்க்கப்பட்டது என்று முடிவு செய்தார்கள். முதல்வர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லேன்னா இன்னும் நாலு பேர் போயிருப்பாங்க என்றார். இசக்கியின் அப்பா ஊரிலிருந்து வந்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் கல்லூரிக்குச் சேர்க்கை குறைந்தது. பிறகு மூடிவிட்டார்கள். இப்போது அங்கே டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் மணிகண்டபிரபு என் வீட்டுக்கு வந்தான். கூடவே இசக்கியின் தங்கை முத்துச்செல்வி. ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டலில் தங்கி, போன் கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்கிறாளாம். ஷிப்ட் முடிந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வந்திருந்தாள். என் மனைவி காபி கொடுத்தாள்.

"அண்ணன் உள்ள கெடக்கும்போது சாவி ஒங்ககிட்டதான இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"தெரிஞ்சேதான் வச்சிருந்தியளா?"

"ஆமாம்மா. இதுவரைக்கும் யாரும் இப்படி நேரா கேக்கல."

அவள் காபியைத் தொடவில்லை. "அப்ப நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கிய."

"எறங்கறது சுலபம்மா. நிக்கறதுதான் கஷ்டம்," என்றேன். அவளுக்கு அது புரிந்த மாதிரித் தெரியவில்லை. என் மனைவி உள்ளே எழுந்து போனவள் அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அவர்கள் இருவரும் நேராக உங்களிடம் வந்திருக்கிறார்கள். வந்தது நல்லதுதான்.

வாசல் வரை போன மணிகண்டபிரபு திரும்பி வந்து ஒன்று சொன்னான். அவன் இப்போது உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கிறான். "எங்க பேட்ச்ல ஒருத்தனும் கப்பல் ஏறல சார். ஏஜெண்டு ஏஜெண்டா அலைஞ்சு பாத்துட்டு, எல்லாம் இங்கியே ஒரகடத்துல ஏதோ ஒரு லைன்ல நின்னுக்கினு கீறோம். எதுக்கு சார் அவன சாவடிச்சீங்க?"

அவன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கப்பல் கிடைக்காதது என் தவறில்லை, அது வேறு துறை. எனக்குக் கொடுத்த வேலை பாதுகாப்பு. அதில் குறை சொல்ல யாருக்கும் இடம் வைக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் எழுதியாகிவிட்டதென்றால் கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. இன்றுவரை என்னிடம் படித்த பையன்களில் வேறு ஒருவன்கூடத் தொட்டிக்குள் இறங்கிச் சாகவில்லை.