கல்லறை இல்லாத காப்பகம்

மாத்தே மூலிகைத் தேநீரைச் சர்க்கரை இல்லாமல்தான் குடிக்க வேண்டும். உங்கள் குமாஸ்தா போட்டுவிட்டார். பரவாயில்லை, குமட்டலோடு குடித்துக்கொள்கிறேன். என் வாக்குமூலத்தில் முதலில் ஒன்றைப் பதிவு செய்யுங்கள்: அந்தக் கிராமத்தைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நான் ஆய்வுத் தரவுக் காப்பகத்தின் பொறுப்பாளர். விஞ்ஞானிகள் அளந்ததையெல்லாம் எங்களிடம் ஒப்படைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எங்கள் இணையப் பக்கத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அவர்கள் அனுப்பும் கோப்புகளைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. பாதிக் கட்டங்கள் காலி, ஒரே ஊருக்கு நாலு பெயர். நான் தேய்த்துக் கழுவி வைப்பேன்.

தரவு தவறென்று தெரிந்தால் கோப்பை எடுத்துவிட வேண்டும். பக்கத்தை அழிக்கக் கூடாது. இன்ன பிழையால் நீக்கினோம் என்று அங்கே எழுதிவைத்து, முன்பே இறக்கிக்கொண்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்குக் கல்லறைப் பக்கம் என்று பெயர். எனக்கு அது அருவருப்பு. சலவைச் சட்டையில் கறையை விட்டுவைத்து, அதற்கு விளக்கமும் எழுதுகிற வேலை. என் காப்பகத்தில் ஒரு கல்லறைகூட இருந்ததில்லை. என் உதவியாளர் செல்மிரா கேலிக்காரி. “ஒரு தப்புகூட இல்லன்னா அது காப்பகமா டாக்டர்? சவப்பெட்டிக் கடை ஷோகேஸ்” என்பாள்.

இபார்குரென் என்ற நிலவியலாளர் மாகாணத்துக் கிணறுகளில் ஆர்சனிக் நஞ்சை அளந்து கொடுத்திருந்தார். ஊர்ப் பெயர்களை மட்டும் அகரவரிசையில் அடுக்கிவிட்டு, அளவுகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார். ஒரு கிணற்றின் நஞ்சு இன்னொரு கிணற்றின் பெயரில் ஏறிவிட்டது. பிறகு ஒருநாள் அசடு வழிய வந்து சொன்னார். அந்த முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சரியான கோப்பை வாங்கி, பழையதன் பதிவு எண்ணிலேயே சத்தமில்லாமல் வைத்தேன். பக்கம் பளிச்சென்று இருந்தது. யாருக்கும் தகவல் போகவில்லை.

அதற்குள் நகராட்சி பழைய கோப்பை நம்பி, லாஸ் தோர்தோலாஸ் கிராமத்துக் கிணற்றுக்கு நீலம் அடித்திருந்தது. நீலம் என்றால் குடிக்கலாம். வருடக்கணக்கில் குடித்திருக்கிறார்கள்.

அந்த ஊரில் ஆடு மேய்க்கும் அசென்சியோ என்னைத் தேடி வந்தார். உள்ளங்கை முழுக்க முண்டு முண்டாகத் தடித்திருந்தது. பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்திருந்தார். “கெணறு நல்லதுன்னு நீங்கதானே போட்டீங்க?” என்று கேட்டார். பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் ஊருக்கு நேராக நஞ்சு என்றுதான் இருந்தது. எங்கள் தரவில் பிழையே வராது என்று பொறுமையாக விளக்கினேன்.

அவர் திரையில் தன் ஊர்ப் பெயரை விரல் வைத்துப் பார்த்தார். “அப்ப நாங்கதான் தப்பாப் படிச்சிட்டோம்போல. மன்னிச்சுக்குங்க டாக்டர்” என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நான் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பதினோரு பேர் செத்தார்கள் என்கிறீர்கள். அளந்தவர் பிழைக்கு நான் எப்படிப் பொறுப்பு? நான் பிழையைத் திருத்தியவன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதில் ஒரு மாற்றம். கோப்பை மாற்றிய அன்றே செல்மிரா என் மேசைக்கு வந்தாள். அன்று அவள் கேலி பேசவில்லை. “லாஸ் தோர்தோலாஸ்ல நீலம் அடிச்சாச்சு டாக்டர். குடிச்சிட்டிருக்காங்க. ஒரு கடுதாசி போதும், நான் எழுதட்டுமா?”

வேண்டாம் என்றேன். தெரிந்துதான் சொன்னேன்.

அந்த முதல் வாக்கியத்தை அடித்துத் திருத்தாதீர்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும். புதுத் தாளில் முதலிலிருந்து தட்டச்சு செய்துவிடுங்கள்.