கரோப் மரம் பூத்தபோது

எண்ணூர் செல்லும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், வேலை முடிந்து திரும்பும் இரண்டு பெண்கள்.

"என் மரம் நாறுதாம்க்கா. தெருவே கூடி வந்து வெட்ட சொல்ட்டாங்க" என்றாள் இளையவள்.

"ஒன் வூட்டுக்காரரு கப்பல் வேலையில இருக்க சொல்ல வெத கொண்ணாந்தாரே, அந்த கரோப் மரமா? காயி சாக்லேட்டு மாதிரி இனிக்கும்னியே?"

"பொட்ட மரந்தான் காய்க்குமாம். இது ஆம்பள மரம். இந்த வருசந்தான் பூத்துச்சு. பூவுதான் நாறுது."

"ஆம்பளைன்னா அப்டித்தான்டி."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றது.

"வேர் அழுவிடும்னு தண்ணிகூட பாத்து பாத்து ஊத்துனேன்க்கா. அந்த நெழல் இல்லன்னா தகரக் கூரைக்குக் கீழ அவரு பகல்ல எப்டி படுப்பாரு? ஏற்கெனவே மூச்சு வாங்குது. ஞாயித்துக்கெழம வெட்டறதுக்கு ஆளு வருது."

பேருந்து ஆலைகளை நெருங்கியதும் இருவரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள்.

மூத்தவள் ஜன்னல் பக்கம் கை காட்டினாள். "இது தெனம் நாறுது. இத்த யாராவது போயி கேட்டாங்களா?"

"அங்க பெரிய இரும்பு கேட்டு கீது, வாட்ச்மேன் கீறான். என் வூட்டுக்கு தட்டிக் கதவுதானக்கா."