நான் போட்ட பூஜ்யம்

ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டால் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, விசாரணை என்று நீங்கள் ஏதோ பெரிய காரணமாகத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் மனைவியின் தம்பி மூன்று வருடம் இருந்தான். எச்சில் தட்டைத் தொட்டியில் அப்படியே விடுவான். வெட்டிய நகங்கள் சோபா இடுக்கில் கிடக்கும். காலையில் பல் துலக்கும்போது அவன் ஓங்கரிக்கும் சத்தத்தில் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவனைப் பார்த்தாலே குமட்டியது.

"வேலை கிடைச்சா போயிடப் போறான். கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதாங்க?" என்பாள் மனைவி.

அவன் படித்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. அந்தத் தேர்வுக்குப் போலி வானத்தை உண்டாக்கும் கணினி நிரல் என் கைவேலை. எத்தனை விமானம், எவ்வளவு மழை, எந்தச் சிக்கல் எத்தனை தடவை என்று எண்களைக் கொடுத்தால் போதும், மீதியை அதுவே உருவாக்கித் திரையில் ஓட்டும். அதில் ஓர் எண், காதுக்கு ஒன்றுபோல் கேட்கும் விமான அழைப்புப் பெயர்களுக்கானது. நாலு-ஒண்ணு-ஏழும் நாலு-ஏழு-ஒண்ணும் சேர்ந்து வந்தால், ஒன்றுக்குச் சொல்ல வேண்டியதை மச்சினன் மற்றதற்குச் சொல்லிவிடுவான். மூன்று முறை அதிலேயே தோற்றான்.

"இன்னும் ஒரு தடவைதான் மாமா விடுவாங்க," என்று, வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஹெட்செட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். பஞ்செல்லாம் அவன் வியர்வை. சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.

கழுவிவிட்டு வந்து, அவனுடைய அடுத்த தேர்வுக்கு அந்த எண்ணைப் பூஜ்யமாக்கினேன்.

தேறிவிட்டான். மற்றதெல்லாம் அவனுக்கு நன்றாகவே வரும். தூரத்து விமான நிலையத்தில் வேலையும் கிடைத்தது. அவன் இருந்த அறையை நானே பினாயில் ஊற்றிக் கழுவினேன்.

பதினான்கு மாதம் கழித்து, ஒன்றுபோல் பெயர் கொண்ட இரண்டு விமானங்களில் ஒன்றை இறங்கச் சொல்வதற்குப் பதில் மற்றதைச் சொல்லிவிட்டான். அது இறங்கியது. மேகத்துக்குள் மோதிக்கொண்டன. நூற்று அறுபத்திரண்டு பேர். டிவியில் அவன் மூக்கொழுக அழுததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். துடைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. சேனலை மாற்றிவிட்டேன்.

இப்படி ஆகும் என்று தெரியுமா என்கிறீர்கள். வேலையில் உட்கார்ந்தால் தானே பழகிவிடும் என்று மனதார நம்பினேன். அந்தப் பதினான்கு மாதத்தில் என் மனைவி தம்பியைப் பார்க்க மூன்று முறை போய்வந்தாள். விமானத்தில் ஒரு மணி நேரம்தான். மூன்று முறையும் பதினாறு மணி நேர ரயிலுக்கு நான்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன்.