டிரைவர் பக்கச் சக்கரம்

புது ரப்பரின் வாசனை எனக்குப் பிடிக்கும் சார். பெட்டியைப் பிரித்ததும் உள்ளே இருக்கிற ரப்பர் புஷ்ஷை எடுத்து ஒருமுறை மூக்கருகே கொண்டுபோவேன். என் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நாள் முழுக்க ஊரான் வண்டிகளின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சேற்றையும் எண்ணெயையும் சுரண்டுகிறவனுக்கு, இன்னும் எவன் கையும் படாத ஒரு பொருளைப் பார்ப்பதே பெரிய ஆறுதல்.

தண்ணீர் வேண்டாம். அந்த டம்ளரின் விளிம்பில் கறை இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது.

என் தங்கை இறந்துபோன விபத்தைப் பற்றிச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் அந்த வழக்கை மூடிவிட்டீர்கள். மலை இறக்கம், வளைவு, ஓட்டியவர் வேகத்தைக் குறைக்கவில்லை, வண்டியும் பதினெட்டு வருஷத்துப் பழசு. ஓட்டியவர் அவள் புருஷன். அவரும் தன் தப்புதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. வண்டியை அப்படி ஆக்கி அனுப்பியது நான். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் வரிசையாகச் சொல்கிறேன்.

முப்பது வருஷமாகச் சஸ்பென்ஷன் வேலை மட்டும்தான் செய்கிறேன். எஞ்சினைத் தொட மாட்டேன். சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கிற சமாச்சாரம் மட்டும் என் பொறுப்பு. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் வைக்கிற ரப்பர் புஷ், பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்ட் என்றால் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிற மூட்டு. நம் தோள்பட்டை மாதிரி, ஒரு குழிக்குள் ஒரு குண்டு. தேய்ந்துபோனால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டொக் என்று சத்தம் கேட்கும். எல்லோரும் அந்தச் சத்தத்தைத் திட்டுவார்கள். அது நல்ல சத்தம் சார். கழன்றுவிடப் போகிறேன், பார்த்துக்கொள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அவ்வளவு மரியாதை மனுஷனிடம்கூட இல்லை.

அந்த வண்டி முதலில் என்னுடையது. பதினான்கு வருஷம் வைத்திருந்தேன். உள்ளே ஒரு பிஸ்கட் துணுக்கு விழுந்தது கிடையாது. தங்கைக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்குக் கொடுத்தேன். எங்கள் அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது, எனக்கு இருபத்திரண்டு. வளர்த்தது நான்தான். தலை பின்னிவிட்டது, நகம் வெட்டிவிட்டது, காது சுத்தம் செய்துவிட்டது எல்லாம் நான். கைக்குட்டையை நாலாக மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்ந்திருக்கிறதா என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுவாள். அப்படிப்பட்ட பிள்ளை, முப்பத்திரண்டு வயதில் ஒரு மெத்தைக் கடை விற்பனையாளரைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

மாப்பிள்ளை தங்கமான மனுஷன் என்றுதான் விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். நானும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. ஆனால் பேச்சுக்கு நடுவில் தொண்டையைச் செருமி எதையோ மேலே கொண்டுவருவார். கொண்டுவந்ததைத் துப்பவும் மாட்டார். வாயில் வைத்துக்கொண்டே பேசி முடிப்பார். சாப்பிட்டு முடித்த விரலை நாற்காலியின் அடிப்பக்கம் துடைப்பார். கண்டும் காணாமல் இருக்கத்தான் முயன்றேன். நாலு வருஷம் முயன்றேன்.

போன மாதம் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வந்து இறங்கி, கார் சாவியின் நுனியைக் காதுக்குள் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகக் குடைந்தார். அப்புறம் அதே சாவியை என்னிடம் நீட்டினார். சாவியின் பள்ளத்தில் குறும்பி மஞ்சளாக ஒட்டியிருந்தது. எனக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

“மச்சான், ஓட்டை டப்பா மாதிரி சத்தம் போடுது. மலைக்கு ரெண்டு நாள் போகலாம்னு இருக்கோம். அவ வண்டியில ஏறுனா தூங்கணும்னு சொல்வா. இந்தச் சத்தத்துல எங்க தூங்கறது? கொஞ்சம் சத்தமே இல்லாம பண்ணிக் குடுங்களேன்.”

தன் மனைவி தூங்க வேண்டும் என்று கேட்கிற மனுஷனை என்ன சொல்வது? பண்ணிவிடலாம் மாப்பிள்ளை என்றேன்.

அவர் போன பிறகு கதவைத் திறந்தேன். கதவுப் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதில் கால்வாசி இருந்தது தண்ணீர் இல்லை. கால்மிதியைத் தூக்கினால் வெட்டிப்போட்ட கால் நகங்கள், பிறை பிறையாக. சீட்டு இடுக்கில் பூஞ்சை பிடித்த ரொட்டித் துண்டு. இதெல்லாம் அவருடையது என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் பக்கத்துச் சீட்டின் கால்மிதிக்கு அடியிலும் நகம் கிடந்தது. அது சின்ன நகம். ஒன்றிரண்டில் சிவப்புச் சாயம்.

அந்த நகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை இன்னும் கடையிலிருந்து வரவில்லை. கழுவாத தட்டுகள் தொட்டியில் கிடந்தன. அவள் சோபாவில் காலை நீட்டி, எதையோ கொறித்துக்கொண்டு, கையை நைட்டியிலேயே துடைத்தாள். நான் வாய்விட்டே சொன்னேன். இங்கே இருந்து நீயும் இப்படி ஆகிவிட்டாய், கிளம்பி வா, உன் அறை அப்படியே இருக்கிறது, போர்வைகூட மாற்றி வைத்திருக்கிறேன் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சிரித்தாள்.

“அண்ணா, நம்ம வீட்டுல தண்ணி குடிக்கவே எனக்குப் பயமா இருக்கும். டம்ளரை எங்க வச்சேன்னு எந்திரிச்சு வந்து பாப்ப. அவரு அழுக்குதான், எனக்கும் தெரியும். ஆனா இங்கதான் நான் நல்லா மூச்சு விடறேன்.”

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினாள், கொறித்த கையாலேயே. சட்டையில் எண்ணெய் அடையாளம் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைத் துவைத்தேன். இரண்டு தடவை துவைத்தும் எனக்குத் திருப்தி இல்லை. கடைசியில் குப்பையில் போட்டேன். நல்ல சட்டை.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். வேலையில் குறை வைக்கிற ஆள் இல்லை நான். நாலு ஷாக் அப்சார்பரும் புதுசு. புஷ் எல்லாம் புதுசு. புஷ் போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போது முடுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் முழுக்க இறங்கிய பிறகுதான் முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஆறே மாதத்தில் கிழியும். பாதிப் பேருக்கு இது தெரியாது. நான் ஒவ்வொன்றையும் அப்படித்தான் முடுக்கினேன். வண்டியின் உள்தரைக்கும் சக்கர வளைவுகளுக்கும் சத்தம் தடுக்கிற தாள் ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே முழுக்கக் கழுவினேன். நகங்களைப் பொறுக்கினேன். பாட்டிலை இடுக்கியால் எடுத்துப் போட்டேன்.

பால் ஜாயிண்ட் இரண்டு. ஒன்றை மாற்றினேன். டிரைவர் பக்கத்தில் இருந்ததை மாற்றவில்லை. அதுதான் ரொம்பத் தேய்ந்திருந்தது. கையால் ஆட்டினாலே ஆடியது. அதற்குள் கெட்டியான கிரீஸை அடைத்து, சத்தம் வராதபடி செய்து வைத்தேன். எப்படி என்று விவரமாகக் கேட்காதீர்கள், இன்னொருவனுக்குப் பாடமாகிவிடும். ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். வண்டி மூச்சுக்கூட விடவில்லை. மலையில் ஏறி இறங்கினால் தாங்காது என்று எனக்குத் தெரியும். தாங்காத நேரம் வரும்போது அது சொல்லவும் சொல்லாது.

இங்கேதான் நான் ஒரு பிசகு செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைப் புதுசு வந்த பெட்டியிலேயே போட்டு டிக்கியில் வைத்துவிடுவோம். வண்டிக்காரர் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம், ஏமாற்றவில்லை என்று தெரியும். டிரைவர் பக்கத்துப் பால் ஜாயிண்டுக்குப் பெட்டி இருந்தது, உள்ளே போடப் பழையது இல்லை. வெறும் பெட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு வண்டியின் அழுக்கை அதற்குள் போடவும் கை கூசியது. அதனால் மாற்றாமல் விட்ட புதுசையே போட்டு வைத்துவிட்டேன். கை சுத்தம் என்று பெயர் எடுத்தவனுடைய கெட்ட பழக்கம் அது. உங்கள் ஆட்கள் டிக்கியைப் பார்த்தார்கள். ஏதோ உபரிப் பாகம் என்று விட்டுவிட்டார்கள்.

அவர்கள் மலைக்குப் புறப்பட்டுப் போன மூன்றாம் நாள் மத்தியானம் மாப்பிள்ளைதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். அவருக்குத் தோள் எலும்பு முறிவு. அவளைப் பற்றி அவரால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் போனை வாங்கிச் சொன்னார்.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து, கையில் கட்டோடு பட்டறைக்கு வந்தார். டிக்கியில் நான் வைத்த அந்தப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்.

“இது புதுசா அப்படியே இருக்கு மச்சான். யாருக்காவது போட்டுக் குடுங்க, வீணாப் போக வேணாம். உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. சத்தமே இல்ல. அவ தூங்கிட்டேதான் இருந்தா. நான்தான் கொன்னுட்டேன்.”

அப்புறம் இனி உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்றார். அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டார். அவளுடைய அறையில்தான் படுக்கிறார்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆள் சுத்தமாகிவிட்டார். செருமுவதில்லை. தட்டைத் தானே கழுவி, துடைத்து, கவிழ்த்து வைக்கிறார். அவள் அடிக்கடி சொல்வாளாம், அண்ணன் வீட்டுக்குப் போனால் இப்படி இருக்க வேண்டும் என்று. அதனால் இருக்கிறாராம். ஒற்றைக் கையால் துண்டை மடிக்கிறார். மடித்துவிட்டு அழுகிறார்.

எனக்கு இப்போது அவரைப் பார்த்தால் அருவருப்பு வரவில்லை. இரண்டு வாரமாகச் சோதித்துப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் முடிகிறது. ஆனால் குடலைப் புரட்டுவது மட்டும் நிற்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது வருகிறது, என் கையை நானே பார்க்கும்போது வருகிறது. அதனால்தான் இங்கே வந்தேன்.

நீங்கள் எழுதியதைத் தலைகீழாக என்னால் படிக்க முடிகிறது. மாப்பிள்ளையைக் கொல்லும் நோக்கத்துடன், தங்கை தவறுதலாக என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். டிரைவர் பக்கத்தைத்தானே தேய்ந்ததாக விட்டேன், அவள் பக்கத்தில் புதுசு போட்டேனே என்று. அவர்கள் புறப்பட்ட காலையில் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி அவள் கையாட்டினாள். தலையணை வைத்திருந்தாள். நீ போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கோடு போட்டு அடித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள் சார். டிரைவர் பக்கச் சக்கரம் மடங்கினால் வண்டி அந்தப் பக்கமாக இழுத்துச் சுழலும். அப்படிச் சுழன்று மோதிய வண்டிகள் இதற்கு முன்பே ஒன்பது என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. ஒன்பதையும் என் கையால்தான் பிரித்தேன். ஒன்பதிலும் நசுங்கியிருந்தது பக்கத்துச் சீட்டு.