ஷாமளா கொண்டு போன நூல்

குமுதா: நான் இன்னும் சொல்லி முடிக்கல…

புனிதன்: என்ன முடிக்கறது? நூலப் புடிச்சு விளையாடறதெல்லாம் ஒரு படிப்பா?

குமுதா: கவிதைப் பாடங்க அது. ‘நூல் மெலிசு, பிடித்த கை பலம்’னு வருது. மனப்பாடம் பண்ணி என்ன செய்ய? நிஜமாவே நாலு பேரு கையில கொடுத்துப் பார்க்கட்டும்னு…

புனிதன்: ஒரு வருசம் வீட்டுலயே பாடம் எடுத்தாச்சு. திங்கக்கிழமை நம்ம ஷாமளா பள்ளிக்கூடம் போறா. அவ்ளோதான்.

குமுதா: போனா எழுந்து வாசிக்கச் சொல்வாங்க. வாய் திக்கும். பழையபடி புள்ளைங்க சிரிக்கும். பத்து வயசுல மறுபடி ஊமையாயிடுவா.

புனிதன்: இங்க மட்டும் என்னவாம்? உங்கிட்ட பேசுறா, பூனைகிட்ட பேசுறா.

குமுதா: காலையில நடந்தத கேளுங்க லா.

புனிதன்: ம்…

குமுதா: முச்சந்தியில ஜக்கரியா அண்ணன் கடைக்குத் தனியா அனுப்பினேன். நூல் முனைய அவரு கையில கொடுத்து ஒரு கேள்வி கேட்டுட்டு வரணும். ‘நீங்க விழுந்தப்ப தூக்கி விட்டது யாரு?’

புனிதன்: ரொட்டி போடுற மனுசன்கிட்ட கேக்குற கேள்வியா இது?

குமுதா: அவருதான் போன் போட்டு எல்லாத்தையும் சொன்னாரு. இவ கேட்டு முடிக்கறதுக்குள்ள கல்லுல ரொட்டி கருகிருச்சாம். அவரு நூல விடலையாம். யாரும் சிரிக்கலையாம்.

புனிதன்: என்ன பதில் சொன்னாரு?

குமுதா: வெள்ளத்துல கடை போனப்ப, தோட்டத்துல ஆளுங்கள வேல வாங்குற மண்டோர் சேதுதான் கூட நின்னாருன்னு. மண்டோர் அங்கயே உக்காந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்திருக்காரு. இவ நூல இழுத்துக்கிட்டு அவர்கிட்ட போயிட்டா. நான் சொல்லவே இல்லீங்க, அவளாவே. அப்புறம் அடுத்த மேசை, அதுக்கடுத்த மேசை… ஏழு பேரு.

புனிதன்: எட்டு.

குமுதா: ஏழுன்னுதான் அண்ணன் சொன்னாரு.

புனிதன்: கடையில மாவு பிசையற நஜீபா அக்கா சமையக்கட்டுலேர்ந்து மாவுக் கையோட வந்து புடிச்சாங்க. அவரு முதுகுப் பக்கம். பார்த்திருக்க மாட்டாரு.

குமுதா: …நீங்க மில்லுக்கு இல்ல போனீங்க?

புனிதன்: போற வழியில அவளப் பார்த்துட்டு, கடைக்கு எதிர்லயே லோரிய நிறுத்திட்டேன்.

குமுதா: பார்த்துட்டுதான் இவ்ளோ சண்டையா? இறங்கி அவ பக்கத்துல போயிருக்கலாம்ல?

புனிதன்: வாய் பழக்கத்துல சண்ட போடுது. மண்டோர்கிட்ட ஒரே வார்த்தையில நாலு தடவ நின்னா. கதவத் திறக்கப் போனேன்… அவளே அந்த வார்த்தையத் தள்ளிக்கிட்டு வந்துட்டா. என் பொண்ணு, குமுதா. பின்னால ஹாரன் அடிச்சிருக்கானுங்க, எனக்குக் காதுலயே விழல.

குமுதா: அப்ப திங்கக்கிழமை?

புனிதன்: எழுப்பாத. எப்ப போகணும்னு அவளே சொல்லட்டும்.

குமுதா: இதுக்கா ஒரு வருசமா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னு என் உயிர எடுத்தீங்க?

புனிதன்: வீட்டுல கஷ்டம், ரெண்டாம் படிவத்தோட படிப்ப நிறுத்திட்டேன்னு உங்கிட்ட சொன்னேன்ல… பொய். சின்னதுல எனக்கும் திக்கும். வாசிக்கச் சொல்வாங்கன்னு பயந்து பள்ளிக்கூடத்த விட்டே ஓடி வந்தவன் நான். இவளும் ஓடிடுவாளோன்னுதான்… இவ ஓடல, குமுதா. நின்னு கேட்டா.